61 வயதில் தனியாகப் பாரிஸ்: சக்கர நாற்காலி கேட்கவா, நடக்கவா?

கெடிலக்கரை · மார்ச் 9, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். சத்துணவு அமைப்பாளராக 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 61. மகள் பாரிசில் இருக்கிறாள். மருமகன் புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பிள்ளை. அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. மே முதல் வாரம் மகளுக்குப் பிரசவம். ஏப்ரல் 16 வியாழன் விடியற்காலை 3.45க்குச் சென்னையில் விமானம். தோகாவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். விசா கைக்கு வந்துவிட்டது.

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. விமான நிலையத்துக்கு உள்ளே போனதும் இல்லை. மகளை வழியனுப்பிய அன்று கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்ததோடு சரி.

டிக்கெட்டில் சக்கர நாற்காலி போட்டுவிடுகிறேன் என்கிறாள் மகள். கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "காலுக்கு இல்லை அம்மா, வழிக்கு" என்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவாராம். தெரு முழுக்க எல்லா அம்மாக்களும் அப்படித்தான் போய் வந்திருக்கிறார்கள்.

தினமும் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறவள் நான். அங்கே பார்க்கிறவர்கள் யாராவது என்னை நாற்காலியில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொன்றும் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் இல்லாத முட்டையை இருப்பதாக ஒரு நாளும் எழுதியதில்லை. இல்லாத முடக்கத்தை டிக்கெட்டில் எப்படி எழுதச் சொல்வது? ஆனால் பயமாகவும் இருக்கிறது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பேச வராது. தோகாவில் இரண்டேகால் மணி நேரம்தான் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாத்தியார் · மார்ச் 9, இரவு 10.05

அம்மா, யோசிக்கவே வேண்டாம். போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. சோதனை, குடியேற்ற வரிசை எல்லாவற்றிலும் தனி வழியில் அழைத்துப் போவார்கள். என் மனைவி இரண்டு முறை அப்படித்தான் டொராண்டோ போய் வந்தாள். வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் விமான நிலையத்தில் மகாராணி மாதிரி போனாள்.

தானேயில் தப்பியவன் · மார்ச் 9, இரவு 10.31

வாத்தியார் ஐயா சொன்னதேதான். என் அம்மாவுக்கும் அதுதான் செய்தோம். கௌரவம் பார்த்து வழி தவறுவதைவிட உட்கார்ந்து போவது மேல்.

சுண்ணாம்பாறு · மார்ச் 10, காலை 6.48

இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் போக முடியவில்லை. என் அப்பாவுக்குச் சிறுவயதில் போலியோ. இடது கால் தரையில் ஊன்றாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மஸ்கட்டில் இருக்கும் தம்பியைப் பார்க்க அழைத்துப் போனேன். இடையில் ஒரு விமான நிலையம், பெயர் வேண்டாம். இறங்கியதும் நாற்காலி வரவில்லை. ஐம்பது நிமிடம். எங்களுக்கு முன்னால் போன பதினெட்டு நாற்காலிகளை நானே எண்ணினேன். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் விமானம் ஏறும் வாயிலை அடைந்ததும் எழுந்து விறுவிறுவென்று நடந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று என்னிடம் சொல்லவும் அவருக்கு வெட்கம்.

அம்மா, உங்கள் முட்டைக் கணக்குச் சரியான கணக்கு. அதிலேயே நில்லுங்கள்.

லாஸ்பேட்டை வாத்தியார் · மார்ச் 10, காலை 8.15

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரியாதவருக்கு, காதில் விழுகிற மொழி புரியாதவருக்கு, அந்தக் கட்டடமே ஏற முடியாத படிக்கட்டுதானே? கால் நன்றாக இருந்து என்ன பயன்? ஐம்பது நிமிடம் காக்க வைத்தது ஆள் போதாமை. அந்தப் பழியை வழி தெரியாத கிழவிகள் தலையில் வைக்காதீர்கள்.

கெடிலக்கரை · மார்ச் 10, காலை 8.40

கிழவி என்பதை மட்டும் ஆட்சேபிக்கிறேன்.

லாஸ்பேட்டை வாத்தியார் · மார்ச் 10, காலை 8.52

உங்களைச் சொல்லவில்லை அம்மா! என் மனைவியைச் சொன்னேன். அவள் இங்கே எழுதுவதில்லை.

சுண்ணாம்பாறு · மார்ச் 10, காலை 9.30

ஐயா, வழி தெரியாதவருக்கு உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழிகாட்ட ஆள் வேண்டும் என்றால் ஆளைக் கேட்கலாம், நாற்காலி எதற்கு? தனியாக வருகிற முதியவர்களைச் சந்தித்து அழைத்துப் போய் அடுத்த வாயிலில் விடுகிற சேவை பல விமான நிறுவனங்களில் உண்டு. சிலர் பணம் வாங்குவார்கள், சிலர் வாங்குவதில்லை. டிக்கெட் போட்ட இடத்தில் கேட்டால் குறித்துக்கொள்வார்கள்.

நாற்காலியிலும் மூன்று வகை இருக்கிறது. படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க மாட்டார் என்பது ஒன்று. படியும் ஏற மாட்டார் என்பது இரண்டாவது. இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் மூன்றாவது. மூட்டு வலி உள்ளவர் முதல் வகையைக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. மூட்டு வலி இருக்கிறதா அம்மா?

கெடிலக்கரை · மார்ச் 10, பகல் 1.10

மாடி ஏறினால் வலது முட்டி கொஞ்சம் பேசும். முடக்கம் என்று சொல்கிற அளவுக்கு இல்லை.

முந்திரிக்காடு · மார்ச் 10, இரவு 7.44

பண்ருட்டிக்காரன். நாற்காலிச் சண்டையை நீங்கள் நடத்துங்கள். அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். ஏப்ரல் 16 வியாழன் விடியற்காலை 3.45 என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது புதன்கிழமை. நம் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் நாள் பிறக்கும். விடியற்காலை மூன்றேமுக்கால் மணி நமக்குப் புதன் இரவுதான். விமானக் கணக்கில் நள்ளிரவு 12 அடித்ததுமே வியாழன் வந்துவிடும். 2018இல் கோலாலம்பூருக்கு எனக்கு ஞாயிறு 1.20க்கு விமானம். ஞாயிறு மாலை பெட்டியோடு மீனம்பாக்கத்தில் போய் நின்றேன். விமானம் போய்ப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இன்று வரை ஊரில் என் பெயர் கோலாலம்பூர்.

இன்னொன்று. டிக்கெட்டில் உள்ள மணி எல்லாம் அந்தந்த ஊர் மணி. உங்கள் டிக்கெட்டில் தோகா சேருவது எத்தனை மணி?

கெடிலக்கரை · மார்ச் 10, இரவு 8.02

5.55. அங்கிருந்து 8.10க்குக் கிளம்பிப் பாரிஸ் 14.05.

நல்ல வேளை சொன்னீர்கள். நாள்காட்டியில் வியாழனைத்தான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். இப்போது புதனுக்கும் போட்டுவிட்டேன், சிவப்பில்.

முந்திரிக்காடு · மார்ச் 10, இரவு 8.20

பார்த்தால் இரண்டு மணி பத்து நிமிடப் பயணம் மாதிரி இருக்கும். அப்படி இல்லை. தோகா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். உண்மையில் நான்கு மணி நாற்பது நிமிடம் பறப்பீர்கள். பாரிஸ் ஏப்ரலில் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். ஆக இரண்டாவது பயணம் ஏழு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. கைக்கடிகாரத்தை நம் ஊர் மணியிலேயே விட்டுவிடுங்கள். மாத்திரை வேளை குழம்பாமல் இருக்கும். அந்தந்த ஊர் மணியைச் சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.

கோரிமேடு · மார்ச் 10, இரவு 9.15

புதன்கிழமை வடக்கே சூலம். கடலூரிலிருந்து சென்னை நேர் வடக்கு. சும்மா சொல்லி வைத்தேன்.

கெடிலக்கரை · மார்ச் 10, இரவு 9.22

பரிகாரம் பால்தானே. குடித்துவிட்டுக் கிளம்புவேன். செவ்வாய்க்கும் அதே சூலம்தான். முன்கூட்டிக் கிளம்பியும் பயன் இல்லை.

சொல்தா வீட்டுப் பேரன் · மார்ச் 11, அதிகாலை 2.37

வணக்கம் அம்மா. பாரிசுக்கு வடக்கே புறநகரில் இருக்கிறேன். அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன், இங்கே இரவு பத்து. பெரியப்பா காலத்தில் கொழும்பு வரை போய்க் கப்பலேறி மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். பெட்டியில் ஊறுகாய் உடைந்து மூன்று வாரம் அந்த வாடையோடே வந்தேன் என்று சொல்லுவார். நீங்கள் ஒரு நாளில் வந்துவிடுவீர்கள்.

எல்லையில், அதாவது இங்கே இறங்கியதும் பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில், கேட்கிற காகிதங்களைக் கைப்பையில் மேலாக வையுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மகள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) முப்பது யூரோ கட்டி வாங்கி அனுப்பிய வரவேற்புச் சான்று (அவள் வீட்டில் தங்குவீர்கள் என்பதற்கு), அசல். திரும்பும் டிக்கெட். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான காப்பீட்டுத் தாள். விசா கொடுத்தாகிவிட்டதே, இனி எதற்கு என்று நினைப்பார்கள். எல்லைக் காவலர் மறுபடி கேட்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் வெளிநாட்டவர் நுழைவைக் கணினியில் பதிகிற புதிய முறையும் வந்திருக்கிறது. முகத்தைப் படம் எடுப்பார்கள். விசாவுக்குக் கொடுத்த விரல்ரேகையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, வரிசை மட்டும் நகராது.

முக்கியமானது தங்கும் நாள். 180 நாளில் 90 நாள்தான். வந்திறங்கும் நாளும் கணக்கில் சேரும். ஏப்ரல் 16ஐ ஒன்று என்று வைத்தால் தொண்ணூறாவது நாள் ஜூலை 14. அது இங்கே தேசிய நாள். நம் புதுச்சேரியிலும் அன்றைக்குத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். அந்த நாளில் ஊர்திகள் குறைவாகத்தான் ஓடும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே திரும்பும்படி டிக்கெட் இருக்கட்டும். விசாத் தாளில் எத்தனை நாள் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில நேரம் 90க்குக் குறைவாகவும் கொடுப்பார்கள்.

கெடிலக்கரை · மார்ச் 11, காலை 7.05

பார்த்தேன். 90தான். திரும்பும் டிக்கெட் ஜூலை 11. மிக்க நன்றி தம்பி.

இன்னொரு சந்தேகம். என் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். பிரச்சினை எதுவும் வருமா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள்.

கோரிமேடு · மார்ச் 11, காலை 7.30

இ.சி.ஆர். வேண்டாம் அம்மா, இரவு நேரத்தில் வளைவுகள் அதிகம். திண்டிவனம் வழியாகப் போய்விடுங்கள்.

தானேயில் தப்பியவன் · மார்ச் 11, காலை 7.41

இவர் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சொல்கிறார், அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கான அரசு அனுமதியைக் கேட்கிறார்! அந்த அனுமதி, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் கத்தார் உண்டு, பிரான்ஸ் கிடையாது. நீங்கள் கத்தாருக்கு வேலைக்குப் போகவில்லை, விமானம் மாறுகிறீர்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கும் ஐம்பது வயது கடந்தவர்களுக்கும் அது தேவையே இல்லை. உங்களுக்கு மூன்று வகையிலும் விலக்கு.

கெடிலக்கரை · மார்ச் 14, மாலை 5.50

பெட்டி விஷயம். பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுபோக நான் எழுதி வைத்திருப்பது: வீட்டில் உருக்கிய நெய் இரண்டு கிலோ, பிரசவ லேகியம், பூண்டு, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பண்ருட்டிப் பலாச்சுளை, முந்திரி, கொப்பரை, பால்கோவா. கருவாடும் கேட்கிறாள். முதுநகரில் நல்ல நெத்திலியும் வாளையும் கிடைக்கும். ஆனால் கருவாட்டைப் பிடித்தால் மானம் போய்விடுமே என்று யோசனை.

சொல்தா வீட்டுப் பேரன் · மார்ச் 15, அதிகாலை 1.58

அம்மா, நீங்கள் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறு.

கருவாடு வரலாம். மீன் பொருள்கள் ஆளுக்கு இருபது கிலோ வரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி உண்டு. வரக் கூடாதது நெய். பாலும் பாலில் செய்ததும், இறைச்சியும் இறைச்சியில் செய்ததும் தடை. பால்கோவாவும் அதில்தான் சேரும். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பலாச்சுளை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அது இல்லாமல் கூடாது. சான்று கேட்காத பழங்கள் ஐந்தே ஐந்து: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். பலாவுக்கு இடமில்லை. அதன் முரட்டு அண்ணன் துரியனுக்கு உண்டு. யார் போட்ட பட்டியலோ!

லா ஷப்பேல் என்று ஓர் இடம் இருக்கிறது, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், நெய் எல்லாம் அங்கே கிடைக்கும். மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கம்தான்.

முந்திரிக்காடு · மார்ச் 15, காலை 9.10

கொப்பரையும் கூடாது. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று இந்தியாவிலேயே, விமானத்தில் ஏற்றக் கொடுக்கும் பெட்டியிலும் தடை. போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. ஊறுகாயும் லேகியமும் கைப்பையில் வேண்டாம், பெட்டியில் போடுங்கள்.

கோரிமேடு · மார்ச் 15, காலை 9.34

கருவாடு அனுமதிதான், சரி. பக்கத்தில் சேலை இருக்குமே அம்மா? பேரப்பிள்ளையை முதன்முதலாக எடுக்கும்போது வாளைக் கருவாடு வாசத்தோடா?

பழைய துறைமுகம் · மார்ச் 15, காலை 11.20

முதுநகரில் எங்களுக்குக் கருவாட்டுக் கடை. வெளிநாட்டுக்கு என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். வழி சொல்கிறேன். மொறமொறவென்று காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஈரப்பதம் இருந்தால்தான் வாடை. தலையைக் கிள்ளிவிட்டு ஒரு நாள் வெயிலில் மறுபடி காய வையுங்கள். செய்தித்தாளில் சுற்றி, மேலே பாலித்தீன் உறை, அதற்கும் மேலே மூடி இறுகிய டப்பா. டப்பாவின் வாயில் அகலப் பசைநாடா இரண்டு சுற்று. வாளையை முழு நீளமாக வைக்காதீர்கள், முள் பாலித்தீனைக் குத்திக் கிழித்துவிடும். நெத்திலியே போதும். கோரிமேட்டாரே, எங்கள் கடைக்கு ஒரு நாள் வாருங்கள், வாசம் எது, நாற்றம் எது என்று பிரித்துக் காட்டுகிறேன்.

நெய்தல் · மார்ச் 16, இரவு 8.48

இங்கே எல்லாரும் ஆண்களாக எழுதுவதால் யாரும் சொல்லவில்லை. அக்கா, விமானக் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். ஒரு சின்னக் காலிப் பாட்டிலைக் கைப்பையில் வையுங்கள். உள்ளே போனதும் கைகழுவும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். கழுவும் பொத்தானை அழுத்தினால் பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சும். முதல் முறை நான் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டேன்.

இருக்கை நடைபாதை ஓரம் கேளுங்கள். ஜன்னல் கேட்டால் ஒவ்வொரு முறை எழுவதற்கும் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். சாப்பாட்டில் ஒரு சங்கதி. நீங்கள் சைவமா தெரியவில்லை. கருவாட்டைப் பார்த்தால் இல்லை போலிருக்கிறது. இருந்தாலும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். "இந்து உணவு" என்று பதிந்தால் சைவம் வராது, மாட்டிறைச்சி இல்லாத அசைவம் வரலாம். சைவம் வேண்டுமானால் "ஆசிய சைவம்" என்று பதிய வேண்டும். என் மாமியார் கார்த்திகைச் சோமவாரத்தில் கோழித்துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

கெடிலக்கரை · மார்ச் 28, இரவு 9.05

முடிவு செய்துவிட்டேன். நாற்காலி வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் சுண்ணாம்பாறு தம்பி சொன்ன, ஆள் வந்து அழைத்துப் போகும் சேவையைப் பதிந்திருக்கிறாள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை என்று எழுதியிருக்கிறேன். முதல் பக்கம் சென்னை வாசல்: பாஸ்போர்ட், டிக்கெட். இரண்டாம் பக்கம் பெட்டி போடும் இடம்: "பெட்டி பாரிஸ் வரை போகுமா?" என்று கேட்க வேண்டும், இரண்டு போர்டிங் பாஸும் இங்கேயே வாங்க வேண்டும். இப்படிப் பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மருமகன் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு வரி அனுப்பினார், அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பேச வராவிட்டால் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை இப்படித்தான் சமாளித்தேன்.

லாஸ்பேட்டை வாத்தியார் · மார்ச் 28, இரவு 9.40

நோட்டுக்கு நூற்றுக்கு நூறு. நாற்காலி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. முட்டி பேசினால் இடையில்கூடக் கேட்கலாம், வீம்பு வேண்டாம் அம்மா.

கெடிலக்கரை · ஏப்ரல் 16, காலை 9.20

தோகாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே மணி 6.50. விமான நிலைய வைஃபை கிடைத்தது, பக்கத்தில் இருந்த பையன் போட்டுக் கொடுத்தான்.

சென்னையில் ஒரு பெண் வந்து கூடவே இருந்து அனுப்பிவைத்தாள். தங்கமான பிள்ளை. இங்கே இறங்கினால் யாரும் இல்லை. பதினைந்து நிமிடம் நின்றேன். மகளுக்குப் போன் செய்தால் அவள் தூக்கத்தில் எழுந்து பார்த்து, "அம்மா, முதல் விமானத்துக்கு மட்டும்தான் பதிந்திருக்கிறேன்" என்று அழுகிறாள். ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாகப் பதிய வேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சி அழக் கூடாது என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

நோட்டில் ஆறாம் பக்கத்தைத் திறந்தேன். இங்கே மறுபடி கைப்பைச் சோதனை. சென்னையில் உள்ளே வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிறகு கூட்டம் போன பக்கம் போனேன். நடுவில் பெரிய மஞ்சள் கரடி பொம்மை, இரண்டு ஆள் மட்டும் இல்லை, நான்கு ஆள் உயரம், தலையில் விளக்கு. மருமகன் எழுதியிருந்தார்: கரடி தெரிந்தால் சரியான இடம் என்று. பலகையில் வாயில் எண் பார்த்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போர்டிங் பாஸைக் காட்டினேன். அவர் நேபாளமோ என்னவோ, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வளைவு வரை வந்து கைகாட்டினார்.

இப்போது வாயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முட்டி பேசுகிறது.

தானேயில் தப்பியவன் · ஏப்ரல் 16, காலை 9.31

பலகையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் அம்மா. கடைசி நேரத்தில் வாயிலை மாற்றுவார்கள்.

கெடிலக்கரை · ஏப்ரல் 16, காலை 9.58

மாற்றிவிட்டார்கள். நல்ல வேளை படித்தேன். குட்டி ரயில் ஒன்று கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறது, அதில் ஏறி வந்தேன். கூட்டத்தில் நான்தான் முதல்.

நெய்தல் · ஏப்ரல் 17, காலை 8.00

அக்கா, சேர்ந்தீர்களா? இரவெல்லாம் இந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்தேன்.

கெடிலக்கரை · ஏப்ரல் 19, பகல் 12.45

சேர்ந்தேன். மன்னிக்கவும், இரண்டு நாள் கால் வீக்கம். நடைபாதை ஓர இருக்கை கிடைக்கவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டேன். ஓரத்தில் இருந்தவர் தூங்கினார். எழுப்பக் கூச்சப்பட்டு ஏழு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். அது முட்டாள்தனம். எழுப்பியிருக்க வேண்டும்.

எல்லையில் ஒன்றேகால் மணி நேர வரிசை. அதிகாரி இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று புரிந்தது, எத்தனை நாள் என்று. இன்னொன்று இன்று வரை புரியவில்லை. கோப்பை அப்படியே நீட்டினேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் போட்டு, முதல் பக்கத்தில் பட்டியல் வைத்திருந்தேன். பட்டியலைப் பார்த்தார், மூன்றாம் எண்ணை எடுத்தார், வரவேற்புச் சான்று. மூடிக் கொடுத்துவிட்டார். பெட்டிகள் சுற்றி வரும் பட்டைகளில் தவறான ஒன்றின் முன் இருபது நிமிடம் நின்றேன். தாமதமாகத்தான் பலகையைப் பார்த்தேன். சுங்கத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. பழைய துறைமுகம் ஐயாவுக்கு நன்றி, சேலையில் வாசம் இல்லை.

வெளியே மருமகன் நின்றார். நகருக்குள் ரயிலில் போகலாமா, டாக்சியா என்றார். ரயில் என்றேன். டிக்கெட் விலை கேட்டதும் டாக்சியே எடுத்திருக்கலாமோ என்று பட்டது.

சொல்தா வீட்டுப் பேரன் · ஏப்ரல் 19, மாலை 4.10

நல்வரவு அம்மா! நல்ல வேளை, டாக்சி எடுக்கவில்லை. 2025இல் என் மாமா வந்தபோது ரயிலுக்கு ஆளுக்கு 13 யூரோ. டாக்சி என்றால் சேன் ஆற்றின் வலது கரைக்கு 56, இடது கரைக்கு 65 என்று நிர்ணயித்த கட்டணம். புறநகர் என்றால் மீட்டர்.

சுண்ணாம்பாறு · ஏப்ரல் 19, மாலை 6.35

திரும்பும்போது எப்படி அம்மா? மறுபடி நடையா?

கெடிலக்கரை · ஏப்ரல் 19, இரவு 11.20

யோசிக்கிறேன் தம்பி. வழி இப்போது தெரியும், அதற்கு ஆள் வேண்டாம். முட்டிக்கு வேண்டியிருந்தால் முதல் வகை நாற்காலியைக் கேட்பேன். அப்போது அது உண்மைக் கணக்கு. இங்கே மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.

இப்போது அவசரமாக வேறு சந்தேகம். நெத்திலி வறுத்தேன். கூடத்துக் கூரையில் வெள்ளை வட்டமாக ஒன்று இருக்கிறது, அது கத்த ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. மகள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள், மருமகன் வேலையில். மேல்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டுகிறாள்.

சொல்தா வீட்டுப் பேரன் · ஏப்ரல் 19, இரவு 11.24

புகை அறிவிப்பான் அம்மா. 2015 மார்ச்சிலிருந்து இங்கே எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று சட்டம், கழற்றிவிடாதீர்கள். அடுப்பை அணையுங்கள், ஜன்னலை முழுதாகத் திறந்து ஒரு துண்டால் அதன் கீழே விசிறுங்கள். நடுவில் ஒரு பொத்தான் இருக்கும், துடைப்பக் குச்சியால் அழுத்துங்கள், கொஞ்ச நேரம் அடங்கும். கதவைத் திறந்து "பர்தோன்" என்று சொல்லுங்கள், மன்னிக்கவும் என்று அர்த்தம்.

கெடிலக்கரை · ஏப்ரல் 19, இரவு 11.41

அடங்கிவிட்டது. பர்தோன் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து என்னவோ கேட்டாள். நோட்டில் அதற்குப் பக்கம் இல்லை. ஒரு தட்டில் நான்கு நெத்திலி வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.